வீராங்கனை சுசான் லெங்லென்: உழைப்புக்குக் கூலி கேட்ட பெண்



நம் சிறப்பு மலருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஜான்சி ராணி, அன்னை தெரசா, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று எல்லாருக்கும் தெரிஞ்ச பேரை மற்ற குழுக்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குழுவின் பங்குக்கு நான் எழுதப்போவது நம்மில் நிறைய பேர் கேள்விப்படாத ஒரு பெயர். சுசான் லெங்லென். பிரான்ஸ் நாட்டுக்காரர். டென்னிஸ் விளையாடியவர். அவர் இறந்து 85 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

டென்னிசுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைங்க வளையப்பந்து ஆடுறாங்களே, அதே மாதிரி நடுவில் வலை கட்டி ஆடுற ஆட்டம்தான் அது. வளையத்துக்குப் பதிலாகப் பந்து, வெறும் கைக்குப் பதிலாக மட்டை. 2022 செப்டம்பர் மாசம் நம்ம நுங்கம்பாக்கத்திலேயே பெண்களுக்கான சர்வதேச டென்னிஸ் போட்டி நடந்தது. பல நாட்டுப் பெண்கள் வந்து ஆடினார்கள். ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் பரிசுப் பணம் உண்டு. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய போட்டிகளில் ஆடுற யாருக்கும் பணம் கிடையாது. வாங்கினால் தள்ளி வைத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை எதிர்த்து, என் ஆட்டத்துக்குக் கூலி வேண்டும் என்று வெளியே வந்த பெண் இவர். அதனால்தான் இவர் கதை நமக்கு வேண்டும்.

நோஞ்சான் பிள்ளை

1899ஆம் வருஷம் மே மாதம் 24ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் சுசான் பிறந்தார். அப்பா பெயர் சார்லஸ், அம்மா பெயர் அனாயிஸ். ஒரு தம்பி பிறந்து குழந்தையிலேயே இறந்துவிட்டான். அதனால் வீட்டுக்கு ஒரே பிள்ளை. நம்மைப் போல் கஷ்டப்பட்ட குடும்பம் என்று சொல்ல முடியாது. குதிரை வண்டிகள் ஓட்டுகிற கம்பெனி குடும்பச் சொத்தாக இருந்தது. அப்பா அதை விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் குடும்பம் வசதியாக வாழ்ந்தது. குளிர்காலம் வந்தால் நீஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போய்விடுவார்கள்.

வசதி இருந்து என்ன? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. வீசிங் உண்டு. அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஓடியாடினால் உடம்பு தேறும் என்று நினைத்து, 1910இல், அவளுக்கு 11 வயசு நடக்கும்போது, அப்பா ஒரு டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். பொம்மைக் கடையில் விற்கிற சாதாரண மட்டை. பரிசு வாங்கணும், பேர் வாங்கணும் என்று எந்த எண்ணமும் அப்போது இல்லை. ஆனால் பந்து அடிக்கிற விதத்தைப் பார்த்ததும் அப்பா அசந்து போனார். கொஞ்ச நாளில் நல்ல மட்டை வந்தது. சில மாசத்திலேயே ஒரு சின்னப் போட்டியில் ஆடி இரண்டாவது இடம் பிடித்தாள்.

கைக்குட்டையும் பந்தும்

அப்பா சார்லஸ் பெரிய டென்னிஸ்காரர் கிடையாது. ஆனால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். நீஸ் ஊரில் நல்ல ஆட்டக்காரர்கள் ஆடும்போது போய் உட்கார்ந்து கவனிப்பார். அந்தக் காலத்தில் பெண்கள் பின்னாலேயே நின்றுகொண்டு பந்தை மெதுவாகத் திருப்பி அனுப்புவார்கள். ஆண்கள் ஓடி முன்னால் வந்து வலைக்குப் பக்கத்தில் நின்று அடிப்பார்கள். என் பொண்ணும் ஏன் அப்படி ஆடக்கூடாது என்று அவர் யோசித்தார். பெண்களோடு மட்டும் பழகவிடாமல் கிளப்பில் இருந்த ஆண்களோடு ஆட வைத்தார்.

தினமும் பல மணி நேரம் பயிற்சி. கயிறு தாண்டணும், ஓடணும், நீச்சல் அடிக்கணும். நடனமும் கற்றுக்கொண்டாள். பிற்காலத்தில் அவர் துள்ளிப் போய்ப் பந்தை எடுப்பதைப் பார்த்தவர்கள் நாட்டியம் ஆடுகிற மாதிரி இருக்கு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பயிற்சி இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இப்பவும் ஆச்சரியம். ஆடுகளத்தின் எதிர்ப்பக்கத்தில் அப்பா ஒரு கைக்குட்டையை விரித்துப் போடுவார். பந்து சரியாக அதன் மேல் போய் விழணும். விழுந்ததும் கைக்குட்டையை வேற இடத்துக்கு மாற்றிவிடுவார். திரும்பத் திரும்ப அடிக்கணும். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போனாலும் மொத்தக் கோலமும் கோணிப் போகும் இல்லையா, அந்த மாதிரி கண்ணும் கையும் ஒன்றாகப் பழகணும். பலத்தால் அடித்து ஜெயித்தவர் இல்லை சுசான். எங்கே பந்து விழ வேண்டுமோ அங்கே விழ வைத்து ஜெயித்தவர்.

இதில் ஒரு கஷ்டமான பக்கமும் உண்டு. அப்பா ரொம்பக் கண்டிப்பு. சரியாக ஆடவில்லை என்றால் நாலு பேர் முன்னாடியே திட்டுவார். ஆட்டம் நடக்கும்போதும் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜாடை காட்டிக்கொண்டே இருப்பார். பெரியவளான பிறகும் அப்பா அம்மா கூட இல்லாவிட்டால் சுசானுக்குப் பதட்டம் வந்துவிடும். அழுகை, தூக்கமின்மை எல்லாம் வாழ்நாள் முழுக்க இருந்தது. பிள்ளைங்களை முன்னுக்குக் கொண்டு வரணும் என்று நினைக்கிற நாமும் இதைக் கவனிக்கணும். பயிற்சி வேணும். கூடவே பிள்ளைக்கு நிம்மதியும் வேணும்.

15 வயதில் உலகப் பட்டம்

1914ஆம் வருஷம் பாரிசுக்குப் பக்கத்தில் செயின்ட் குளூ என்ற இடத்தில் மண் தரையில் ஆடும் உலகப் போட்டி நடந்தது. சுசானுக்கு அப்போதுதான் 15 வயசு முடிந்திருந்தது. நம்ம கணக்குக்குப் பத்தாம் வகுப்பு படிக்கிற பொண்ணு. பெரிய பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் ஜெயித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். அதே வருஷம் பிரெஞ்சு தேசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய், மார்கரீட் புரோக்கெடி என்ற பெண்ணிடம் தோற்றாள்.

இனிமேல் நல்ல காலம்தான் என்று இருக்கும்போது முதல் உலகப் போர் வந்துவிட்டது. போட்டிகள் எல்லாம் நின்றன. 15 வயசிலிருந்து 19 வயசு வரை, ஒரு ஆட்டக்காரருக்கு நல்ல வயசு அது, வெளியே போய் ஆட வழியில்லை. பல பேர் விட்டிருப்பார்கள். சுசான் நீஸ் ஊரிலேயே இருந்து பயிற்சியை விடாமல் செய்தார். கொரோனா சமயத்தில் நம்ம குழுக் கூட்டமெல்லாம் நின்று போனபோது, சேமிப்பை மட்டும் விடாமல் வீட்டிலேயே எடுத்து வைத்த சகோதரிகள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புரியும்.

1919 விம்பிள்டன்

போர் முடிந்து 1919இல் இங்கிலாந்தில் விம்பிள்டன் போட்டி மறுபடியும் தொடங்கியது. டென்னிசில் இதைவிடப் பெரிய போட்டி கிடையாது. புல் தரையில் ஆடணும். சுசானுக்குப் புல் தரை புதுசு. இருந்தும் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே நின்றவர் டொரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏற்கெனவே 7 முறை பட்டம் வாங்கியவர். வயசு 40. இரண்டு பிள்ளைக்குத் தாய். சுசானுக்கு வயசு 20. நம்மை அப்போது ஆண்டுகொண்டிருந்த ஜார்ஜ் மன்னரும் ராணியும் பார்க்க வந்திருந்தார்கள்.

டென்னிசில் 6 கேம் எடுத்தால் ஒரு செட். ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு கேம் வித்தியாசம் இருக்கணும், இல்லையென்றால் செட் நீண்டுகொண்டே போகும். மூன்று செட்டில் இரண்டு எடுப்பவருக்கு வெற்றி. முதல் செட் 10-8 என்று சுசானுக்கு. இரண்டாவது 6-4 என்று சேம்பர்ஸ் அம்மாவுக்கு. மூன்றாவது செட்டில் சுசான் மூச்சு வாங்கித் தளர்ந்துவிட்டார். அப்பா பார்வையாளர் வரிசையிலிருந்து பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டியைத் தூக்கிப் போட்டார் என்பது எல்லாரும் சொல்லுகிற விஷயம். அந்த நாட்டில் அது மருந்து மாதிரி!

சேம்பர்ஸ் அம்மா 6-5 என்று முந்தினார். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு. அந்த நேரத்தில் சுசான் எட்டிப் பிடித்து அடித்த பந்து மட்டையின் நரம்பில் படாமல் மரச் சட்டத்தில் பட்டது. போச்சு என்று எல்லாரும் நினைக்க, பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்துவிட்டது. அடுத்த புள்ளியிலும் தப்பித்தார். அதற்குப் பிறகு விடவில்லை. 9-7. மொத்தம் 44 கேம். இரண்டு பேருமே நடக்க முடியாத அளவுக்குக் களைத்துப் போனார்கள். சுசான் விம்பிள்டன் பட்டம் வாங்கிய கதை இது. தோற்ற தாயையும் நான் இங்கே வணங்குகிறேன். 40 வயசில் 20 வயசுப் பிள்ளைக்கு இப்படி ஈடு கொடுப்பது சாதாரணமா?

உடையும் ஒரு போராட்டம்

அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் எப்படி உடுத்திக்கொண்டு ஆடினார்கள் தெரியுமா? கணுக்கால் வரை பாவாடை, உள்ளே இன்னும் பாவாடை, முழுக்கைச் சட்டை, இடுப்பை இறுக்கிக் கட்டுகிற கச்சு. மூச்சே விட முடியாது, இதில் எங்கே ஓடுவது? சுசான் அந்தக் கச்சைத் தூக்கி எறிந்தார். கை தெரியும் சட்டையும், கெண்டைக்கால் வரைக்கும் உள்ள லேசான பாவாடையும் போட்டு வந்தார். ஊரே வாய்க்கு வந்தபடி பேசியது. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு ழான் பட்டூ என்ற பெரிய உடை வடிவமைப்பாளர் அவருக்குத் தைத்துக் கொடுத்தார். தலையில் பட்டைத் துணி கட்டிக்கொள்வது அவர் அடையாளம். இரண்டு மூன்று வருஷத்தில் திட்டினவர்கள் வீட்டுப் பெண்களே அதே மாதிரி தைத்துப் போட்டார்கள்.

நம்ம பக்கம் மட்டும் என்ன? வயசுக்கு வந்துவிட்டால் வளையப்பந்து வேண்டாம், அரைக்கால் சட்டை வேண்டாம் என்று எத்தனை வீட்டில் நிறுத்திவிடுகிறோம். என் பொண்ணு விஷயத்திலும் இந்தப் பேச்சு வந்தது. அவள் பாட்டிக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழுக்கால் டிராக் பேண்ட் வாங்கிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை இன்னும் ஆடுகிறாள்.

கூட்டம் யாருக்கு, காசு யாருக்கு

1919இலிருந்து 1923 வரை தொடர்ந்து 5 வருஷம், பிறகு 1925இலும், மொத்தம் 6 முறை விம்பிள்டன் பட்டம். 1920இல் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஒரு வெண்கலம். அந்த ஒலிம்பிக்கில் தனியாக ஆடிய ஆட்டங்களில் 10 செட் ஆடி மொத்தமே 4 கேம்தான் விட்டுக்கொடுத்தார். 1921இல் அமெரிக்காவில் உடம்பு முடியாமல் ஒரு ஆட்டத்தைப் பாதியில் விட்டார். போருக்குப் பிறகு தனி ஆட்டத்தில் அவர் தோற்றது அந்த ஒரு முறைதான்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள். இடம் போதாமல் போனதால் 1922இல் விம்பிள்டன் போட்டியையே பெரிய மைதானத்துக்கு மாற்றினார்கள். 1926 பிப்ரவரி 16ஆம் தேதி கான் என்ற ஊரில் அமெரிக்காவின் ஹெலன் வில்ஸ் என்ற இளம் பெண்ணோடு ஆடினார். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்திலும் பக்கத்து வீட்டுக் கூரையிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். சுசான் 6-3, 8-6 என்று ஜெயித்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டிக்கெட் விற்றவருக்குப் பணம். ஓட்டல்காரருக்குப் பணம். பத்திரிகைக்காரருக்குப் பணம். வெயிலில் ஓடி ஆடினவருக்கு? விதிப்படி ஒன்றும் கிடையாது. காசு வாங்காமல் ஆசைக்கு ஆடுபவரை அமெச்சூர் என்பார்கள். அதுதான் கௌரவம் என்று சங்கங்கள் சொல்லின. சொத்து உள்ளவர்களுக்குக் கௌரவம் போதும். சுசான் வீட்டில் அப்போது பழைய வசதி இல்லை. அப்பா நோயாளியாகிவிட்டார். நீஸ் ஊரில் இருந்த வீடு கூடச் சொந்த வீடு இல்லை.

அதே 1926 விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றிய குழப்பத்தில் ராணியைக் காக்க வைத்துவிட்டார் என்று பழி வந்தது. மனசு உடைந்து போட்டியிலிருந்து விலகினார். ஒரு சில வாரத்தில் பெரிய முடிவு எடுத்தார். அமெரிக்காவின் சி.சி. பைல் என்ற நிகழ்ச்சி அமைப்பாளரோடு ஒப்பந்தம் போட்டு, பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஒப்பந்தத் தொகை 50,000 டாலர். அன்றைக்கு அமெரிக்காவில் தங்கம் விற்ற விலைக்குக் கணக்குப் போட்டால் 9,000 பவுனுக்கு மேல் வாங்கலாம்!

முன்னணியில் இருந்த ஆட்டக்காரர்களில் ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் இப்படித் துணியவில்லை. 1926 அக்டோபர் 9ஆம் தேதி நியூயார்க் நகரத்தில் முதல் ஆட்டம். சுமார் 13,000 பேர் வந்தார்கள். நாலு மாசம் ஊர் ஊராகப் பயணம். எதிரே ஆடிய மேரி பிரவுன் என்பவரை 38 முறையும் ஜெயித்தார்.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிசு. விம்பிள்டன் கிளப் அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியைப் பிடுங்கிக்கொண்டது. பழைய போட்டிகளில் இனி ஆட முடியாது. காசுக்கு ஆசைப்பட்டவள் என்று பேசினார்கள். தான் சாம்பியனாக இருந்த அத்தனை வருஷமும் டென்னிசுக்குப் பெரும் பணம் சம்பாதித்துக் கொடுத்ததையும், ஆடுவதற்குத் தானே நுழைவுக் கட்டணம் கட்டியதையும் அவர் வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

கடைசிக் காலம்

1929இல் அப்பா இறந்தார். பிறகு சுசான் பாரிசில் டென்னிஸ் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1938 ஜூலை 4ஆம் தேதி கடுமையான ரத்த சோகையால் காலமானார். வயசு 39தான். பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944இல். உலகமே கொண்டாடிய இந்தப் பெண் ஒரு தடவை கூட ஓட்டுப் போடாமலே போய்விட்டார்.

அவர் கேட்டது அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. 1968இல் பணம் வாங்குபவர்களும் பெரிய போட்டிகளில் ஆடலாம் என்று விதி மாறியது. 2007இல் விம்பிள்டனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு வந்தது. இன்றைக்கு பிரெஞ்சு ஓப்பன் போட்டியில் ஜெயிக்கிற பெண்ணுக்குக் கொடுக்கிற கோப்பைக்குப் பெயர் சுசான் லெங்லென் கோப்பை. பாரிசில் ஒரு பெரிய ஆடுகளத்துக்கும் அவர் பெயர்தான்.

நாம் யோசிக்க வேண்டியது

சகோதரிகளே, அவர் உலகம் வேறு, நம் உலகம் வேறு. ஆனால் கௌரவம் என்று சொல்லிக் கூலியைக் குறைப்பது இரண்டு உலகத்திலும் உண்டு. எங்கள் குழுவில் ஒரு அக்கா ஒரு கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். தெரிஞ்சவங்கதானே, வீட்டில் சும்மாதானே இருக்கீங்க என்று பாதிக் கூலிதான் தந்தார்கள். அந்த ஜாக்கெட்டை விற்கும்போது கடைக்காரர் விலையைக் குறைக்கவில்லை.

கடையை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் குழுக்களிலேயே தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் எழுதுகிற சகோதரிக்கு மாசா மாசம் ஊக்கத்தொகை தரணும் என்று பேச்சு எடுத்தால், சேவைக்கு எதுக்குக் காசு என்று நாமே கேட்கிறோம். அவர் அரை நாள் வேலையை விட்டுத்தான் பேங்குக்குப் போய் வருகிறார். பஸ் காசும் அவர் கையிலிருந்துதான் போகிறது. சங்கங்கள் சுசானிடம் சொன்னதும் நாம் நம் சகோதரியிடம் சொல்வதும் ஒரே வார்த்தைதான்.

அதனால் என் வேண்டுகோள் இது. இந்த மலரைப் படித்துவிட்டு அடுத்த குழுக் கூட்டத்தில், கணக்கு எழுதுபவருக்கு எவ்வளவு தருவது என்பதை ஒரு பொருளாக வையுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பேசி, தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.